தடவும்போதே தெரிந்துகொள்ளலாம்

நாய் வளர்க்கும் வீட்டில் அதன் பிறந்த நாள் எல்லோருக்கும் தெரியும். பிடித்த பிஸ்கட்டும் தெரியும். அதன் ஈறு என்ன நிறம் என்று கேட்டால்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வாயில்லா ஜீவன் தன் நோவைத் தானாகச் சொல்லாது. நன்றாக இருக்கும்போது அதன் உடம்பு எப்படி இருக்கும் என்று அறிந்தவருக்கே, அது கெடும்போது சட்டென்று உறைக்கும்.

மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஆரோக்கியமான நாயின் ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவந்துவிடும். அதற்கு மேல் நேரமானால் ரத்த ஓட்டத்தில் கோளாறு இருக்கலாம். ஈறே வெளிறியிருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம்; உண்ணிக் காய்ச்சல் அதற்கு ஒரு முக்கியக் காரணம். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். அப்படியே பற்களையும் பார்த்துவிடலாம். குட்டிக்கு 28 பால்பற்கள். ஏழு மாத வாக்கில் அவை விழுந்து 42 நிலைப்பற்கள் வந்திருக்க வேண்டும்.

நாயின் காதுக்குழாய் 'ட' எழுத்தைப் போன்றது. மேலிருந்து இறங்கி, அடியில் உள்நோக்கித் திரும்பும். பட்ஸ் விட்டுக் குடைந்தால் அழுக்கு அந்தத் திருப்பத்தில்தான் போய் அடையும். லாப்ரடார் போல மடல் தொங்கும் நாய்களுக்குக் குளித்த ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். துர்நாற்றம் வீசினாலோ, தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ குடைய வேண்டாம்; மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது மார்பு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வேட்டை நாய்களுக்கு ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு. ஓட்டத்துக்கென்றே அமைந்த உடல்வாகு அது. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது அவற்றுக்கு இயல்பு. சோறு போடாமல் காயப்போடுவதாக அக்கம்பக்கத்தில் பேசினால் பேசட்டும். தடவினால் விலா எலும்பே தட்டுப்படாத லாப்ரடாரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. இரைப்பை காற்றால் உப்பி, முறுக்கிக்கொள்ளும். கிரேட் டேன் இதில் முன்னால் நிற்கிறது. நாய் வாந்தியெடுக்க முயலும், எதுவும் வெளியே வராது, எச்சில் ஒழுகும், படுக்க முடியாமல் தவிக்கும், வயிறு விறைத்து உப்பும். அறுவை சிகிச்சைதான் ஒரே வழி, அதுவும் சில மணி நேரத்துக்குள். ஓமத் தண்ணீர் கொடுத்து விடியட்டும் என்று காத்திருந்தால் நாயை இழந்துவிடுவோம். அன்றாட உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், வயிறு நிறைந்ததும் ஓடவிடாமல் இருப்பதும் நம்மால் முடிந்த முன்னெச்சரிக்கை.

நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தின் அடித்திண்டுகளில் மட்டுமே. உடல் சூட்டைத் தணிக்க அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தாக வேண்டும். மூக்கு சப்பையான பக் நாய்க்கு அதுவே திண்டாட்டம் என்பதால், சித்திரை வெயிலில் அதை வெளியே கூட்டிப்போகவே கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் அது காய்ச்சல் என்று பயந்து, வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அது நாயின் கல்லீரலைக் கெடுக்கும்.

உங்கள் நாய் அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்; 30-க்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணையும் ஈறின் நிறத்தையும் எடையையும் தடுப்பூசி அட்டையில் எழுதி வையுங்கள். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை ஒன்றின் தொலைபேசி எண்ணையும் அதன் கீழேயே குறித்துக்கொள்ளுங்கள்.