கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் குறையில்லாமல் ஓடிய காரின் குட்டு சில நேரம் இங்கேதான் உடையும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் அலறும், வண்டி நகராது. பின்னாலேயே கருகிய வாடை. மெக்கானிக்கிடம் போனால் ஒரே வரியில் சொல்வார்: "கிளட்ச் ஸ்லிப் ஆகுது."

இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இருப்பது கிளட்ச் பிளேட். பெடலிலிருந்து காலை எடுத்ததும் ஸ்பிரிங் மூன்றையும் இறுக்கிப் பிடிக்க, இன்ஜினின் விசை கியர்பாக்ஸுக்குப் போகிறது. பிளேட்டின் லைனிங் தேய்ந்தால் பிடிப்பு தளர்கிறது. மலையேற்றத்தில் சுமை அதிகம் என்பதால் குறை முதலில் அங்கே தெரிகிறது.

இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். முன்னால் ஆளில்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விட வேண்டும். இன்ஜின் உடனே அணைந்தால் பிடிப்பு இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப்தான். திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் சூடேறிக் கெடும். ஒரு முறை போதும்.

அதற்காக உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிடக் கூடாது. கேபிள் கிளட்ச் உள்ள வண்டிகளில் பிளேட் தேயத் தேய, பெடல் சும்மா இறங்கும் தூரமான ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே வரும். அது அறவே இல்லாமல் போனால், கால் வைக்காதபோதும் பெடலைச் சற்று மிதித்தபடி ஓட்டுவதற்குச் சமம். லைனிங் மிச்சமிருக்கும்போதே பிளேட் வழுக்கும். கேபிளைச் சரிசெய்ய சில நிமிடங்கள் போதும். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கியர் விழ மறுப்பதும், ரிவர்ஸ் போடும்போது கரகரப்பதும் வேறு கோளாறு. அங்கே கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் வகையில் ஆயில் கசிந்திருக்கலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் பெரும்பாலும் பிரஷர் பிளேட்டை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கின் கோளாறு.

பிளேட் தேய்ந்தது உறுதியானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. கூலியில் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத்தான்; பேரிங்கை மட்டும் விட்டுவைத்து அது பின்னர் கெட்டால் அதே கூலி மறுபடியும். ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தடமோ மயிரிழை விரிசலோ இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். கிராங்க் ஆயில் சீல் கசிந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் புதுப் பிளேட்டிலும் ஆயில் ஊறி வழுக்கும்.

லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய வண்டிகளின் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு.

புதுப் பிளேட்டும் சீக்கிரம் தேயாமலிருக்க, மேட்டில் நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்காமல் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். மெக்கானிக் வேலையை முடித்ததும், கழற்றிய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லைனிங் ரிவெட்டின் தலை வரை தேய்ந்திருந்தால், மாற்றியது சரியான வேலைதான்.