குளிரைச் சேமித்தல்

கோடையில் தில்லியின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. அப்போது மின்சாரம் தடைப்பட்டால், இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும். குளிர்சாதனப் பெட்டி மட்டும் பெரும்பாலும் ஓய்ந்து நிற்கும். இதற்குக் காரணம் என்ன?

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் அடங்கும் ஆற்றல் 12 × 150 = 1800 வாட்-மணி. அதில் ஒரு பகுதி இன்வெர்ட்டரிலேயே வீணாகும். மின்கலத்தை முற்றிலும் தீர்த்தால் அதன் ஆயுளும் குறையும். மேலும், பெட்டியின் கம்ப்ரசர் தொடங்கும் நொடியில், இயல்பைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அச்சுமையைத் தாங்காது. வண்டியையே வீடாக்கிப் பயணம் செய்வோர் பலர், இதனாலேயே மின்கலத்தில் நேரடியாக இயங்கும் சிறிய பெட்டிகளை நாடுகின்றனர்.

அவ்வாறாயின், வீட்டிலுள்ள பாலும் இட்லி மாவும் பாட்டியின் இன்சுலினும் என்னாகும்? கதவைத் திறவாதிருந்தால், பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். உறைநிலைப் பகுதியிலுள்ள பனிக்கட்டிகளைக் கீழ்த்தட்டில் வைத்தால் அந்நேரம் நீளும். ஆனால், உறைந்த இன்சுலின் பயன்படாது. அதனைப் பனிக்கட்டியை ஒட்டி வைத்தலாகாது.

அரசின் தடுப்பூசித் திட்டமும் இம்முறையைக் கையாள்கிறது. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரியில் காக்கும் பெட்டிகள் சிலவற்றின் உட்சுவர்களைச் சுற்றி நீர் அடைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் உள்ளபோது அந்நீர் பனிக்கட்டியாக உறையும். மின்சாரம் நின்றபின் மெல்ல உருகிக் குளிரைத் தரும்.

மின்கலம் மின்சாரத்தைச் சேமிக்கிறது. பனிக்கட்டி குளிரையே சேமிக்கிறது.

சிந்தித்து எழுதுக

1. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலத்தின் ஆற்றல் எவ்வளவு?
2. மின்தடையின்போது பெட்டியின் கதவை அடிக்கடி திறக்கலாகாது. ஏன்?