செயலி இருக்கிறது, ஷெல்லுக்குத் தெரியவில்லை!

உங்கள் மடிக்கணினியில் 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' என்ற எழுது செயலி இருக்கிறது. படத்தைச் சொடுக்கினால் உடனே திறக்கிறது. ஆனால், கட்டளைத் திரையில் 'கோட்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று பதில் வருகிறது. கட்டளை கிடைக்கவில்லை என்று பொருள். விண்டோஸ் இதையே வேறு சொற்களில் சொல்லும். செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

இந்தப் பதிலைச் சொல்வது செயலி அன்று. அது இன்னும் தொடங்கவே இல்லை. நீங்கள் தட்டச்சு செய்வதை வாங்கிக்கொள்ளும் 'ஷெல்' என்ற நிரல்தான் இப்படிச் சொல்கிறது.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு ஒருவரை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அவர் கையில் உள்ள சீட்டில் சிராங்கூன் சாலை, பஃப்ளோ சாலை, கேம்பல் லேன் என்ற மூன்று பெயர்கள்தான். நீங்கள் சொன்ன கடையோ டன்லப் ஸ்திரீட்டில். மூன்று தெருக்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "அப்படியொரு கடை இல்லை" என்று திரும்பிவிடுவார். கடை இருக்கிறது, சீட்டில் தெருதான் இல்லை.

ஷெல்லிடம் உள்ள சீட்டின் பெயர் 'பாத்'. எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்ற பட்டியல் அது. 1979இல் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பிலேயே இந்த முறை இருந்தது.

கணினி முழுவதையும் தேடினால் என்ன? ஒவ்வொரு கட்டளைக்கும் நேரம் வீணாகும். ஆபத்தும் உண்டு. ஒரே பெயரில் இரண்டு நிரல்கள் இருந்தால், முதலில் கிடைப்பதே இயங்கும். அது யாரோ வைத்துவிட்டுப் போன தீய நிரலாகவும் இருக்கலாம். அதனால்தான் பட்டியல் குறுகியதாக இருக்கிறது.

எப்படிச் சரிசெய்வது? விண்டோஸில் செயலியை நிறுவும்போது, 'பாத்'தில் சேர்க்கும் கட்டத்தில் குறியிட்டிருக்க வேண்டும். மேக் கணினியில் செயலியைத் திறந்து, அதன் 'கமாண்ட் பேலட்'டில் 'ஷெல் கமாண்ட்' என்று தேடுங்கள். 'கோட்' கட்டளையை நிறுவும் வரி கிடைக்கும். பிறகு, கட்டளைத் திரையை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பழைய திரையின் கையில் இருப்பது பழைய சீட்டு!

இன்னொரு சிக்கலும் வரும். செயலி திறக்கும், ஆனால் நேற்று எழுதிய கோப்பு வெறுமையாக இருக்கும். எழுதியது அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் நீங்கள் வேறு கோப்புறையில் இருப்பீர்கள். அங்கே அந்தப் பெயரில் கோப்பு இல்லாததால், செயலி புதிய பக்கம் ஒன்றைத் திறந்திருக்கும். அதைச் சேமிக்காமல் மூடிவிட்டு, சரியான கோப்புறைக்குச் சென்று மறுபடியும் திறங்கள். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால், பெயரை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுங்கள். இல்லையேல் ஒரே பெயரை இரண்டு கோப்புகளாகக் கணினி எடுத்துக்கொள்ளும்.

பள்ளிக் கணினியில் அமைப்புகளை மாற்ற அனுமதி இல்லாமல் இருக்கலாம். அப்போது ஆசிரியரிடம், "கணினி வேலை செய்யவில்லை" என்று சொல்லாமல், திரையில் வந்த வாசகத்தை அப்படியே காட்டுங்கள். கோளாறு எங்கே என்பதில் பாதி அதிலேயே இருக்கிறது.