நெகட்டிவ் சான்றிதழ் மட்டும் போதுமா?

2020 செப்டம்பர் 29. துபாயிலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்று, கோலாலம்பூரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, சுமார் 18 மணி நேரப் பயணத்துக்குப் பிறகு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தரையிறங்கியது. அதில் வந்த 86 பயணிகளில் 7 பேருக்குக் கொரோனா உறுதியானது. அந்த 7 பேரில் 5 பேர், கிளம்பும் முன்பே பரிசோதனை செய்து ‘நெகட்டிவ்’ முடிவு பெற்றவர்கள். 7 பேரின் இருக்கைகளும் நான்கு வரிசைகளுக்குள் இருந்தன. மரபணுப் பகுப்பாய்வு செய்து பார்த்தபோது, குறைந்தது 4 பேருக்கு விமானத்திலேயே தொற்று பரவியிருப்பது தெரிந்தது.

சோதனையில் ஏன் தப்புகிறது?

மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கும் மாதிரியில் தென்படும் அளவுக்கு வைரஸ் பெருகச் சில நாட்களாகும். நேற்று தொற்றியவருக்கு இன்று ஆர்டி-பிசிஆர் செய்தால் நெகட்டிவ் என்றுதான் வரும். 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தொற்றிய 4ஆம் நாளில் சோதித்தால் 67 சதவீதம் பேருக்குத் தவறாக நெகட்டிவ் வரலாம். 8ஆம் நாளில் இது 20 சதவீதமாகக் குறைகிறது. சோதனைக்குப் பிறகு விமான நிலையத்திலோ விமானத்திலோ தொற்றினால், கையிலுள்ள சான்றிதழால் பயனில்லை.

தனிமைப்படுத்தல் எதற்கு?

ஆக்லாந்தில் இறங்கியவர்கள் 14 நாட்கள் தனிமை மையத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். 3ஆம் நாள் ஒரு சோதனை, 12ஆம் நாள் வாக்கில் இன்னொன்று. முதல் சோதனையில் தப்பும் தொற்றை அடுத்தது பிடிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. அந்த 7 பேரும் தனிமையில் இருந்தபோதே கண்டறியப்பட்டார்கள்.

ஒமைக்ரான் பரவியபோது இந்தியாவும் இதே வழியில் சென்றது. 2021 டிசம்பர் 1 முதல், ஆபத்துப் பட்டியலிலுள்ள நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு விமான நிலையத்திலேயே சோதனை. நெகட்டிவ் என்றாலும் 7 நாள் வீட்டுத் தனிமை. 8ஆம் நாள் மறுபரிசோதனை. இதுவே அப்போதைய விதி.

பயணிகள் கவனத்துக்கு

* காய்ச்சல், இருமல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைக்காதீர்கள்.
* பயணம் முழுவதும் முகக்கவசம் அணியுங்கள்.
* வீட்டுத் தனிமையில் தனி அறை, நல்ல காற்றோட்டம், தனிப் பாத்திரங்கள் அவசியம். பெரியவர்களிடமிருந்து விலகியிருங்கள்.
* அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் உடனே சோதித்துக்கொள்ளுங்கள்.

தனிமைப்படுத்தல் தண்டனை அல்ல. அந்த நாட்களில் நல்ல உணவும், பேச ஆளும், மருத்துவ உதவியும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. விதியை ஏமாற்றாமல் கடைப்பிடிப்பது பயணியின் கடமை. வெகுநாள் கழித்து ஊர் திரும்புகிறவருக்கு அப்பா அம்மாவைப் பார்க்கும் ஆவல் இருக்கும்தான். அவர்கள் நலனுக்காகவே இன்னும் சில நாட்கள் பொறுத்திருங்கள்.