கோபுரத்தில் நிற்பவரின் கண்

‘பிள்ளைகள் கையில் செல்போன்’ என்றதும் நம் பேச்சு ஒழுக்கத்துக்குத் தாவிவிடுகிறது. கெட்டுப்போகும் பிள்ளை, காக்கும் பெரியவர் என்ற இந்தச் சொல்லாடலில், காப்பவருக்கு எல்லாம் தெரியும் என்பது யாரும் கேள்வி கேட்காத முன்முடிவு.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதன் மேல்தான் நிற்கிறது. 18 வயது நிரம்பாதவரின் தகவல்களைக் கையாளும் நிறுவனம், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; ஒப்புதல் பற்றிய பகுதிக்கு 18 மாதத் தவணை.

வாணியம்பாடியில் இது எப்படி நடக்கும்? இங்கும் ஆம்பூரிலும் ஷூ கம்பெனித் தொழிலாளரில் பெண்களே அதிகம். காலையில் கம்பெனி பஸ் ஏறும் அம்மா பொழுது சாய்ந்து திரும்புகிறார். பேங்க், ஆதார் எதுவானாலும் போனுக்கு ஓடிபி வருகிறது. ‘இன்னா போட்டிருக்கு, பாத்துச் சொல்லும்மா’ என்று மகளிடம் நீட்டுகிறார். பெற்றோரின் ஒப்புதலையும் மகளின் விரல்தான் அழுத்தப்போகிறது. ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறைக் கோபுரத்தில், காவலர் தான் தென்படாமலே எல்லோரையும் பார்க்கிறார். இங்கே கோபுரத்தில் நிற்பவர் கீழே இருப்பவரிடம் கண்ணை இரவல் கேட்கிறார்.

அப்போ கண்காணிப்பே இல்லையா? இருக்கிறது. திரையைப் படிக்க முடியாத கண் உடலைப் படிக்கத் தொடங்குகிறது. ஏன் சிரித்தாள், ராத்திரி ஏன் முழித்திருந்தாள் என்பதே விசாரணை. தம்பிகூட காவலர் ஆகிவிடுகிறான். அவன் போனை யாரும் கேட்பதில்லை.

இந்தக் காவல் கேரளத்தில் நீதிமன்றம்வரை போனது. 2019இல் கோழிக்கோடு பக்கத்துக் கல்லூரி விடுதி ஒன்றில், மாலை 6 முதல் இரவு 10 வரை போன் கூடாது என்ற விதியை ஏற்காத மாணவி வெளியேற்றப்பட்டார். செப்டம்பர் 19 அன்று உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கூறி, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அவர் 18 தாண்டியவர். 17 வயதுப் பெண்ணுக்கு வீடே நீதிமன்றம்.

ஆபத்து இல்லை என்பதல்ல வாதம். படத்தை வைத்து மிரட்டுகிறவன் நம்பியிருப்பதே, ‘வீட்ல சொன்னா போனைப் புடுங்கிப் படிப்பையும் நிறுத்திடுவாங்க’ என்ற அவள் பயத்தைத்தான். கெடுபிடி கூடக்கூட அவன் பிடியும் இறுகுகிறது. சொன்னால் படிப்பு நிற்காது என்று முன்கூட்டியே மகளிடம் சொல்லிவைக்கும் வீட்டில்தான் அவளுக்கு 1098ஐயோ சைபர் குற்றப் பிரிவையோ நாடத் துணிவு வரும்.