அழுக்குத் துணியைக் குழந்தை ஏன் விடுவதில்லை?

துவைத்துக் காயவைத்துக் கொடுத்தால், தன் பழைய போர்வைத் துண்டையே வேண்டாமென்று சில குழந்தைகள் அழும். பழகிய வாசனை போய்விட்டதே! லண்டன் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் இந்த அழுகையை அலட்சியப்படுத்தவில்லை. 1953-ல் அச்சான கட்டுரையில் இத்தகைய துணியை, பொம்மையை 'இடைநிலைப் பொருள்' என்றார்.

பிறந்த புதிதில் பசித்ததும் பால் வருகிறது. தாயும் தானும் ஒன்றே என்று குழந்தை உணர்கிறது என்பது அவர் கருத்து. பிறகு தாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதிக்கிறாள், பிள்ளை தாங்கும் அளவுக்கு மட்டும். அந்த இடைவெளியில், சுமார் 4 முதல் 12 மாதத்துக்குள், போர்வை நுனி வாய்க்குப் போகிறது. அது தாயும் அல்ல, வெறும் துணியும் அல்ல. கடிக்கலாம், கசக்கலாம், வீசலாம், கோபித்துக்கொள்ளாது. தாய் கண்ணில் படாத நேரத்தைத் தாங்கும் திறன் இப்படித் துளிர்க்கிறது. விளையாட்டும் கலையும் பிறப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவிலுள்ள இந்த இடத்தில்தான் என்றும் வின்னிகாட் சொன்னார்.

இந்தக் கருத்து எனக்கு நெருக்கமாகப் படுகிறது, கண்ணெதிரே பார்க்க முடிவதால். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. தாயோடு ஒட்டிப் படுத்துறங்கும் பிள்ளைகளிடம் இப்பழக்கம் குறைவு.