சேட்டையா? சிகிச்சை தேவையா?



"ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கறான்", "தினம் ஒரு பென்சிலைத் தொலைச்சிட்டு வர்றான்", "ரெண்டு போட்டாத்தான் சரிப்படுவான்" - நம் தெருக்களில் தினமும் காதில் விழும் பேச்சு இது. பள்ளியில் அடி, வீட்டிலும் அடி. கடைசியில் "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று பையனை தோல் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ கொண்டுபோய் நிறுத்துவதும் உண்டு.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது திமிர் அல்ல. கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு. டாக்டர்கள் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பார்கள். மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. எனவே, தாயின் வளர்ப்பு சரியில்லை என்று பழி போடுவது நியாயமில்லை.

கண்டுபிடிப்பது எப்படி?

நம் லேபில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதுபோல் இதற்கு ஒரு கருவி கிடையாது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இதைக் காட்டாது. பெற்றோரையும் ஆசிரியரையும் விசாரித்து, பிள்ளையையும் கவனித்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 6 மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கவழக்கத்தையோ பாதிக்க வேண்டும். வகுப்பில் மட்டும் சேட்டை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். காது மந்தம், பார்வைக் குறை, தூக்கக் குறைவு, ஒருவகை வலிப்பு ஆகியவற்றையும் பார்த்துவிடுவார்கள்.

ஓடி ஆடாமல், பாடம் நடக்கும்போது ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் இது இருக்கலாம். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் இவர்களை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, யாரும் கவனிப்பதில்லை.

சிகிச்சை

6 வயதுக்குள் என்றால் முதலில் மாத்திரை அல்ல, பெற்றோருக்குப் பயிற்சிதான். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பது, முன் பெஞ்சில் உட்கார வைப்பது, முடித்தவுடனே பாராட்டுவது. பெரிய பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட், அடமாக்சிடின் போன்ற மருந்துகள் தருவார்கள். பசியும் தூக்கமும் குறையலாம் என்பதால் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மருந்து அறிகுறிகளைக் கட்டுப்படுத்துமே தவிர, குறைபாட்டை அடியோடு நீக்காது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது.

எங்கே போவது?

ராணிப்பேட்டையில் பஸ் ஏறினால் வேலூர். அங்கே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி சிகிச்சையில் பங்கெடுப்பது அதன் சிறப்பு. குழந்தைகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலிலும் இந்தக் குறைபாடு இருக்கிறது. அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமே சொல்லலாம்.

நண்பர்களே, நம்மில் பலருக்குத் தம்பி தங்கைகள் உண்டு. சிலர் சாயங்காலம் டியூஷனும் எடுக்கிறோம். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் ஸ்கேலை ஓங்காதீர்கள். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் கவனம் சிதறுகிறது என்று இரண்டு வாரம் நோட்டில் குறித்து, அதைப் பெற்றோரிடம் கொடுங்கள். டாக்டருக்கு அதுதான் ரீடிங்!